ஏஞ்சல் மேரி பவுன்ஸ் பேக் ஆன கதை

மீண்டெழுதல் மனித குலத்தின் மகத்தான குணம். அதிலும் இங்கிலீஷில் மீண்டெழுகிறவர்களை எந்த எலும்பு முறிவும் ஒன்றும் செய்துவிட முடியாது. சேதராப்பட்டில் சோப்பு பேக்கிங் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஏஞ்சல் மேரிக்குத் தமிழில்தான் கால் உடைந்தது. சரக்கு டிராலி பின்னால் வந்து ஏறியதில், இடது கணுக்காலுக்குள் இப்போது ஒரு பிளேட்டும் ஐந்து ஸ்க்ரூவும் இருக்கின்றன.

மூன்று மாதம் வீட்டில் கிடந்துவிட்டுத் திரும்பியவள், ஆறு மாதத்துக்கு உட்கார்ந்து செய்கிற வேலைதான் தர வேண்டும் என்று டாக்டர் எழுதிய சீட்டை ஹெச்.ஆர். நவீன்குமாரிடம் நீட்டினாள். அவளுக்கு வேண்டியது ஒரு ஸ்டூல். பேக்கிங் லைனில் எட்டு மணி நேரமும் நின்றபடிதான் வேலை. உட்கார்ந்தால் கை வேகம் குறையும் என்பது கம்பெனியின் நம்பிக்கை. நின்றாலோ, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் செருப்பு நுழையாத அளவுக்கு மேரிக்குக் கால் வீங்கிவிடும். வேலையை விடவும் முடியாது. வீட்டில் சம்பளம் வருவது அவள் ஒருத்திக்குத்தான்.

நவீன்குமார் சீட்டை மடித்து டிராயருக்குள் போட்டான். அவன் பேச்சில் யாருக்கும் எதுவும் வலிக்காது. எல்லாரும் ‘ஃபைட்டர்’, எல்லாமே ‘ஜர்னி’.

“மேரிம்மா, நீங்க ஒரு ஃபைட்டர். சூப்பரா பவுன்ஸ் பேக் ஆயிட்டீங்க. வெள்ளிக்கிழமை எம்.டி. வர்றாரு, உங்களுக்கு அவார்டு.”

“யார்கிட்ட சார் ஃபைட் பண்ணேன்? டிராலி வந்து ஏறிச்சு, உழுந்தேன். ஸ்டூலு இன்னா ஆச்சு?”

“அவார்டு வாங்கிட்டு ஸ்டூல் கேட்டா நல்லாவா இருக்கும்? முழுசா குணமாயிட்டேன்னு ரெண்டு வார்த்தை பேசுங்க. நானே எழுதித் தரேன்.”

எழுதியும் தந்தான், இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில். ‘ஸ்ட்ராங்கர் தேன் பிஃபோர்’ என்ற இடத்தில் கைதட்டலுக்காக நிறுத்த வேண்டும் என்று பக்கத்தில் குறிப்பு.

லைனில் அடுத்த ஆளான மகாலட்சுமி அதைப் பிடுங்கிப் படித்தாள். “முன்னவிட ஸ்ட்ராங்கா ஆயிட்டியாமே! அப்ப எங்க எல்லார் மேலயும் ஒரு தபா டிராலிய வுட்டு ஏத்தச் சொல்லுக்கா.”

மேரி சிரிக்கவில்லை. “இத மேடையில சொல்லிட்டேன்னு வையி, டாக்டர் சீட்டு செல்லாதுடி. குணமானவளுக்கு இன்னாத்துக்கு ஸ்டூலுன்னு கேப்பான்.”

வெள்ளிக்கிழமை, ஷெட்டுக்குள் மேடை. இரண்டு ஷிப்ட் ஆட்களையும் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். எம்.டி. வந்தால் அவருக்கு மட்டும் நாற்காலி போடுவது அங்கே வழக்கம்; மேனேஜர்களும் கைகட்டி நின்றார்கள். ஷீல்டு கொடுத்துப் படமெடுத்ததும் எம்.டி. மைக்கைப் பிடித்தார். ஷட்டில் ஆடும்போது பிசகிய தன் முழங்கை எப்படி ‘கம்பேக்’ கொடுத்தது என்று ஆரம்பித்தார். இருபது நிமிடம் ஓடியும் முழங்கை அப்போதுதான் பிசியோதெரபிக்குக் கிளம்பியிருந்தது.

கணுக்காலில் ஒவ்வொரு ஸ்க்ரூவும் மேரிக்குத் தனித்தனியாகத் தெரிந்தது. கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்தாள். போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கீழே யாரோ விசில் அடித்தார்கள். அது தன் முழங்கைக்கு என்று நினைத்த எம்.டி.க்கு உற்சாகம் கூடியது. நவீன்குமார் குனிந்தபடியே ஓடிவந்தான்.

“எந்திரிங்கம்மா, ப்ளீஸ்.”

“லைன்ல ஒரு ஸ்டூல போடுங்க சார். எந்திரிக்கறேன்.”

எம்.டி. பேசி முடித்தார். கைதட்டலுக்குத் தலையாட்டிக்கொண்டே உட்கார வந்தார். மேடையில் வேறு நாற்காலி இல்லை.