ஒரே எண்ணில் இருவர்

எங்கள் அலுவலகத்தில் பூங்கோதை வந்தால் நந்தகோபால் இருக்க மாட்டான். அவன் வந்தால் அவள் இருக்க மாட்டாள். இருவருக்கும் ஒரே அடையாள எண். கிளவுட் சர்வர்களை நிர்வகிக்கும் எங்கள் மென்பொருளில் ஊழியர்களான நாங்களும் பதிவாகியிருக்கிறோம். ஒரு எண்ணுக்கு ஒருவரைத்தான் அது அனுமதிக்கும்.

தப்பு, பதிவுகளைப் போடும் ஸ்டீபனுடையது. ஆயுதபூஜை அன்று சர்வர்களுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டே நந்தகோபாலின் பதிவை நகலெடுத்து, புதிதாகச் சேர்ந்த பூங்கோதையின் பெயரைப் போட்டான். எண்ணை மாற்றுவதற்குள் சுண்டல் வந்துவிட்டது. சுண்டலைக் குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் இருந்தது.

இருவருக்கும் ஒரே மேசை. ஒருவர் உள்நுழைந்ததும் மற்றவர் இல்லாமல் போவார். சாப்பாட்டு டப்பா மட்டும் அப்படியே இருக்கும். அவள் எலுமிச்சை சாதத்தில் பாதியை அவனுக்கு வைத்தாள். அவன் நார்த்தங்காய் ஊறுகாயை வைத்துவிட்டு இல்லாமல் போனான். இப்படியே ஒருவரை ஒருவருக்குப் பிடித்துப்போயிற்று. இருவரையும் சேர்த்துப் பார்க்கவே முடியாததால் கிசுகிசு பேசவும் எங்களுக்கு வழியில்லை.

"ஏனுங்க சார், அவரை ஒருக்கா நேர்ல பாக்கோணும். இதச் சரி பண்ணிக் குடுங்க" என்று மேலாளரான என்னிடம் வந்து கேட்டாள் பூங்கோதை.

சரிசெய்வது எளிது. ஒருவருக்குப் புது எண் கொடுத்தால் போதும். ஆனால் நினைவெல்லாம் பழைய எண்ணோடு நின்றுவிடும். புது எண் வாங்குபவருக்கு மற்றவர் யாரோ ஒருவர்தான். இதை அவளிடம் சொன்னேன்.

"அப்ப புதுசு எனக்கே இருக்கட்டுமுங்க. அவரு எதையும் மறக்க வேண்டாம்."

அவள் போய் அவன் வந்ததும் அவனிடமும் சொன்னேன்.

"எனக்குப் போடுங்க சார். பாவம், அந்தப் புள்ளைக்கு எதுக்குங்க?"

யார் அன்பைத் தள்ளுவது? எனக்கு மனம் வரவில்லை. இருவருக்குமே புது எண் கொடுத்தேன்.

மறுநாள் இருவரும் ஒன்றாக அந்த மேசைக்கு வந்தார்கள்.

"நீங்க யாருங்க?" என்றான் அவன்.

"புதுசா சேர்ந்திருக்கேனுங்க. நீங்க?"

ஒருவர் பேச்சையாவது கேட்டிருக்கலாம்.

சற்று நேரத்தில் பழைய எண்ணே ஓர் ஆளாக, இருவரின் நினைவுகளோடும் வேலைக்கு வந்தது. வெள்ளைச் சட்டை, லேசான வழுக்கை. நேராக அவர்களிடம் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

"தம்பி, இந்தப் புள்ளை சோத்துல பாதியை உங்களுக்குத்தானுங்க எடுத்து வைக்கும்" என்று தொடங்கியது. அவளிடம் அவனைப் பற்றியும் சொன்னது. இருவரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். நானும் அதட்டவில்லை.

ஆவணியில் கல்யாணம். இரு வீட்டிலும் பழைய எண்தான் முன்னின்று பேசி முடித்தது. பிறகு என்னிடம் விடுப்புக் கேட்டு வந்தது.

"பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்றேன்.

"ரெண்டுமுங்க."

இரண்டு பேருக்கான விடுப்பைக் கொடுத்தேன்.