தெளிந்த குப்பி

"இந்தக் குட்டிப் பந்தையெல்லாம் யாரு சார் உருட்டுறாங்க?" என்று கேட்டாள், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள்.

"யாரும் இல்லம்மா. இந்த ரசாயன இழைக்குப் பாதி உடம்பு தண்ணியோட ஒட்டும். மீதிப் பாதிக்குத் தண்ணின்னாலே ஆகாது, ஒளிஞ்சுக்க இடம் தேடும். அந்தத் தவிப்புல தானா பந்தாயிடும். உள்ள வெறும் கூடு."

"தானா சேர்ந்தது தானா பிரிஞ்சுட்டா?"

"வந்த அன்னிக்கே அபசகுனமா பேசாத," என்று சிரித்தார் ஆய்வுக்கூடத்தின் தலைவர்.

எட்டு வருடம் ஆயிற்று. அவள் அவரையே கட்டிக்கொண்டும் ஆயிற்று. அந்தக் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூடுகளில் இப்போது மருந்தை அடைக்கிறார்கள். புற்றுக்கட்டிக்குள் போய் உடைந்தால் மருந்து; வழியிலேயே உடைந்தால் விஷம். இன்று மதியம் முதல் ஊசி. போட்டுக்கொள்ளப்போவது அவளுடைய தங்கை. தங்கையின் புற்றுக்கு மற்ற மருந்தெல்லாம் கைவிட்டுவிட்டன.

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கூடுகளை உருவாக்குவது அக்காவின் வேலை. குப்பி பால்போலக் கலங்கியிருந்தால் கூடுகள் பத்திரம். தெளிந்தால் பிரிந்துவிட்டன என்று அர்த்தம். போன மாதம் ஜன்னலோரம் ஒன்று தெளிந்தது.

"வெயில்ல வெச்சா அப்படித்தான். உடம்புச் சூட்டுல ஒரு மணி நேரம் வெச்சுப் பார்த்தாச்சே! தங்கச்சிங்கறதால நீ பதறுற," என்றார் கணவர்.

கேட்க வந்ததை விட்டுவிட்டு அடுத்த குப்பியை எடுத்தாள்.

இன்று காலை இரண்டு கையிலும் மருந்துக் குப்பித் தட்டு. மீந்த குப்பி ஒன்றைச் சட்டையின் உள்பையில் செருகியவள், ஓட்டத்தில் அதை மறந்தே போனாள்.

மருத்துவமனை அறையில் தங்கை வாயை மூடவில்லை. "அத்தான், ஊசியைவிட உங்க மூஞ்சிதான் பயமா இருக்கு. கொஞ்சம் சிரிங்களேன்!"

"நீ எழுந்து நட, முப்பத்திரண்டு பல்லையும் காட்டுறேன்."

சிரித்தபடி தலையணையைச் சரிசெய்யக் குனிந்த அக்காவின் விலாவில் ஏதோ குத்தியது. எடுத்தாள். ஊசியில் ஏற்றியிருக்கும் அதே மருந்துதான். ஆறு மணி நேரம் அவள் உடம்பின் சூட்டில் கிடந்தது. குடிதண்ணீர் மாதிரி தெளிந்திருந்தது.

கணவருக்கு நேரே நீட்டினாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, முதல் ஊசியைக் காண வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பெரிய மனிதர்களைப் பார்த்தார்.

"வீட்டுல பேசிக்கலாம்," என்றார் மெதுவாக.

நர்ஸ் பஞ்சால் தங்கையின் கையைத் துடைத்தாள். ஊசி நிமிர்ந்தது. உள்ளே பால் வெள்ளை.

துடைத்த இடத்தை அக்கா தன் உள்ளங்கையால் அழுத்தி மூடிவிட்டுக் கணவரைப் பார்த்தாள்.

"ஒரு மாசமா உங்ககிட்ட கேக்கணும்னு இருக்கேன். போடாதீங்க. நிறுத்திடுங்க."