எந்தப் பூவரசு

மேட்டூர் திறப்பதற்குள் வாய்க்காலைத் தூர்வாரிவிட வேண்டும் என்று பொக்லைன் வந்து இறங்கியது. நூறு நாள் வேலையில் மண் சுமந்துகொண்டிருந்த பெண்களுக்கு அது நல்ல சேதிதான்.

“இந்த வருஷமாவது நம்ம கடைமடைக்குத் தண்ணி ஒழுங்கா வந்து சேருதான்னு பாப்போம்” என்றாள் ஒருத்தி.

“வாய்க்காலை அகலப்படுத்துறாங்களாமே. ஒரு பக்கக் கரையையே வெட்டி எடுக்கப்போறாங்களாம்.”

“எந்தப் பக்கம்?” என்று அமிர்தம் கேட்டாள்.

“பூவரசு நிக்கிற பக்கந்தான். மரத்தையெல்லாம் மிஷினே சாய்ச்சிருமாம்.”

அமிர்தம் தலையிலிருந்த சட்டியை இறக்கி வைத்தாள். சும்மாட்டுத் துணியைக்கூட எடுக்கவில்லை, அப்படியே நடந்தாள். “ஏய், இன்னும் ஆஜர் போட்டோ எடுக்கலடி! இன்னிக்குக் கூலி போயிரும்!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அவள் திரும்பவில்லை.

அவள் மகள் ஆஷிகா அந்தக் கரையில்தான் இருக்கிறாள்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, நான்கு வயது முடிவதற்குள் போய்விட்ட பெண். மழைக்காலத்தில் அவர்கள் தெருவின் சுடுகாட்டுக்குப் போக வழி கிடையாது. வயலுக்கு நடுவே இடுப்பளவு தண்ணீர் நிற்கும். பெரிய ஆள் என்றால் எப்படியாவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சின்னப் பிள்ளை என்றால் வாய்க்கால் கரையில் புதைத்துவிடுவார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுகொள்ள வேண்டும். பெற்றவளுக்கும் அதே கணக்குத்தான்.

தீபாவளிக்கென்று எடுத்து வைத்திருந்த ரோஸ் நிற நைலான் கவுனை அமிர்தம்தான் போட்டுவிட்டாள். முதுகுப் பக்கம் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

“எங்க வச்சீங்க?” என்று பிறகு புருஷனிடம் கேட்டாள். வீரமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, “பூவரசு மரத்தடியில” என்றான். பொங்கல் கழிந்ததும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

கரை நெடுகப் பூவரசுதான். அவன் போன பிறகு ஒருநாள் அமிர்தம் தனியாக வந்து ஒவ்வொரு மரமாகப் பார்த்துக்கொண்டே போனாள். மதகுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் மஞ்சள் தூவி, ஒரு சாமந்திப்பூ வைத்திருந்தது. திருப்பூருக்குப் போகும் முன் இவர் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நம்மிடம் சொல்ல வாய் வரவில்லை என்று நினைத்தாள். அன்றைக்குத்தான் அவன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

அதிலிருந்து அந்த மரம்தான். வேலைக்குப் போகும்போதோ வரும்போதோ ஒரு கிரீம் பிஸ்கட் கொண்டுவருவாள். ஆஷிகா பிஸ்கட்டை இரண்டாகப் பிரிப்பாள். கிரீம் ஒட்டிய பாதி அவளுக்கு, வெறும் பாதி அம்மாவுக்கு. அமிர்தமும் அப்படியே பிரித்து, கிரீம் பாதியை மண்மேல் வைத்துவிட்டு, மற்றதைத் தின்றபடி வீட்டுக்குப் போவாள். மறுநாள் பார்த்தால் இருக்காது. காக்கையோ எறும்போ என்று அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் அதைப் பற்றி அவள் யோசிப்பதில்லை.

இன்று அவள் ஓட்டமும் நடையுமாக வந்தபோது அந்த மரத்தடியில் தங்கமணி நின்றுகொண்டிருந்தாள். கீழத்தெருக்காரி. நடவுக்கு ஆள் சேர்ப்பவள், வாய்த்துடுக்குக்காரி. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பொக்லைன்காரனை மறித்திருந்தாள்.

“இந்த மரத்தைத் தொடாத. என் புள்ள இருக்கான் இங்க.”

அமிர்தத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது.

“அக்கா, அது என் பொண்ணு இடம்.”

“எது?”

“இதுதான். இந்த மரத்தடி.”

“எவடி சொன்னா உனக்கு? வந்து வந்து மஞ்சளும் பூவும் வச்சிட்டுப் போறது நானு.”

“நீங்களா வச்சீங்க?”

“பின்ன, உன் வீட்டுக்காரனா வந்து வச்சான்?”

குத்தலுக்குச் சொன்னதுதான். ஆனால் அமிர்தம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். இடுப்புச் செருகலிலிருந்து பிஸ்கட் பொட்டலம் நழுவி விழுந்தது. தங்கமணி அதையே பார்த்தாள். அவள் குரல் இறங்கியது.

“நீதானா அது? ஆடு மேய்க்கிறவனுவோ தின்னுட்டுப் போடுறானுவோன்னு திட்டிக்கிட்டே தள்ளிவிடுவேன். என் புள்ளைக்குப் பல்லுகூட மொளைக்கலயே. அவனுக்கு ஏது பிஸ்கட்டு?”

“தண்ணியிலயா தள்ளுனீங்க?”

தங்கமணி பொட்டலத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

அமிர்தம் போனை எடுத்து வீரமணியைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் தையல் மிஷின்களின் இரைச்சல்.

“எந்த மரங்க?”

“என்ன மரம்?”

“ஆஷிகா.”

பிறகு அவன் வெளியே வந்திருக்க வேண்டும், சத்தம் குறைந்தது.

“ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சுடி. தம்பி கையில இருந்த லைட்டும் நனைஞ்சு அணைஞ்சுபோச்சு. இலையைத் தடவிப் பாத்தேன், பூவரசுதான். அதுக்கு மேல எனக்குத் தெரியாது, அமிர்தம்.”

“மதகுக்கு இங்கிட்டா, அங்கிட்டா? அதையாவது சொல்லுங்க.”

போன் துண்டிக்கப்பட்டிருந்தது. அவனாகத் துண்டித்தானா, சிக்னல் போயிற்றா என்று தெரியவில்லை.

காண்ட்ராக்டரின் ஆள் வந்து தலையைச் சொறிந்தான். “மதியத்துக்குள்ள எடுத்து வேற எடத்துல வச்சிக்குங்கம்மா. எனக்கும் மேல இருந்து போன் மேல போன் வருது.” நல்லக்கண்ணுவை அழைத்துவந்தார்கள். ஊரில் குழி வெட்டுகிறவர். அமிர்தத்துக்குச் சித்தப்பா முறை.

“தங்கமணி புள்ளைக்கு நான்தாம்மா வெட்டுனேன், இந்த எடந்தான்” என்றார். “உன் பொண்ணு போனப்ப நான் ஊர்ல இல்ல. அதுவும் இங்கயே பக்கத்துல இருக்கலாம். யாரு கண்டா?”

யாரு கண்டா என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, அவர் வெட்டத் தொடங்கிய குழியோரம் அமிர்தம் குந்தினாள். நைலான் மக்காது என்று அவளுக்குத் தெரியும். வயலில் எப்போதோ புதைந்த உரச்சாக்கு, நடவு நேரத்தில் காலில் சுற்றிக்கொண்டு மேலே வரும்போது அதன் எழுத்துகூட அழிந்திருக்காது. உடம்பு மண்ணாகியிருந்தாலும் கவுன் இருக்கும். ஜிப் இருக்கும். அவள் ரோஸ் நிறத்துக்காகக் காத்திருந்தாள்.

வந்தது பச்சை. களிம்பு ஏறிய ஒரு செப்புத் தாயத்து. அதைச் சுற்றிக் கொக்கின் கால் போல மெல்லிய சில எலும்புகள்.

தங்கமணி சத்தம் போட்டு அழவில்லை. முந்தானையை விரித்து மடியில் வாங்கிக்கொண்டாள். தாயத்தைக் கட்டைவிரலால் துடைத்தாள். “அவுத்துறலாம்னு சொன்னாங்க. நான்தான் கெடக்கட்டும்னேன்” என்றாள், யாரிடமோ சொல்வது போல.

“இன்னும் கொஞ்சம் பாருங்க சித்தப்பா” என்றாள் அமிர்தம்.

அவர் பார்த்தார். குழியை அகலமாக்கினார். வேர்தான் வந்தது. மறுபக்கமும் வெட்டினார். அங்கேயும் வேர். கடைசியில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முகத்தைத் துடைத்தார்.

“இங்க இல்லம்மா.”

இப்போது சுடுகாடு காய்ந்து கிடந்தது. தங்கமணி மடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “குடு ஆத்தா, நான் கொண்டுபோய் வச்சிடுறேன். பொம்பளைங்க அங்க வேணாம்” என்று நல்லக்கண்ணு கையை நீட்டினார்.

“அன்னிக்கு வராம நின்னதுக்குத்தான் இவ மரம் மரமா அலையுறா. நீங்க முன்னால போங்க, நான் வர்றேன்.”

அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் வரப்பில் இறங்கி நடந்தார்கள்.

பொக்லைன் கிளம்பியது. சினிமாப் பாட்டும் கூடவே கிளம்பியது. முதல் மரம் வேரோடு சாய்ந்தது. இயந்திரம் கரையைக் கடித்து எடுத்து அந்தப் பக்கம் கொட்டியது. அமிர்தம் வாய்க்காலில் இறங்கி ஏறி, கொட்டிய மண்ணுக்கு ஓடினாள். ஈரக் கட்டிகளைக் கையால் உடைத்தாள்.

“அக்கா, தள்ளுங்க! மேல விழுந்துரும்!” பொக்லைன்காரன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். தர்மபுரிப் பக்கத்து ஆள். “என்னக்கா தேடுறீங்க?”

“ரோஸ் கலர் கவுனு. புள்ளையோடது.”

அவன் மேலே ஏறிப் பாட்டை அணைத்தான். அதற்குப் பிறகு மண்ணை அவன் உயரத்திலிருந்து கொட்டவில்லை. தரையருகே கொண்டுவந்து, அரிசியைச் சுளகில் பரப்புவது போலப் பரப்பினான். அவள் கிளறி முடிக்கும்வரை காத்திருந்தான். காண்ட்ராக்டரின் ஆள் கைக்கடிகாரத்தைக் காட்டியதை அவன் பார்க்காதது போல இருந்துவிட்டான்.

வேர், நத்தைக்கூடு, உடைந்த ஓடு, யாருடையதோ ஒரு செருப்பு. ஒருமுறை நீலமாக ஏதோ தெரிந்தது. உரச்சாக்கின் கிழிசல்.

வெயில் சாயும்போது தங்கமணி திரும்பி வந்தாள். மடி காலியாக இருந்தது. முழங்காலெல்லாம் மண். அமிர்தத்துக்கு எதிரே உட்கார்ந்து கட்டிகளை உடைக்கத் தொடங்கினாள்.

சற்றுப் பொறுத்து, “சாப்ட்டியா?” என்றாள்.

“இல்லக்கா.”

“அந்தப் பிஸ்கட்டைக் குடு.”

அமிர்தம் எடுத்துக் கொடுத்தாள். பாதிக்கு மேல் நொறுங்கியிருந்தது. தங்கமணி முழுதாக இருந்த ஒன்றை எடுத்து உடையாமல் பிரித்தாள். கிரீம் பாதியை ஒரு பூவரச இலையில் வைத்து, மண் விழாத இடமாகப் பார்த்து நகர்த்தினாள். வெறும் பாதியை நீட்டினாள்.

அமிர்தம் அவளையே பார்த்தாள்.

“எப்பவும் கிரீம் பாதிதான் கெடக்கும். மத்த பாதி எங்க போவுதுன்னு நெனைச்சுக்குவேன்” என்றாள் தங்கமணி. “தின்னு.”

அமிர்தம் வாங்கி வாயில் போட்டாள். மென்றாள். தங்கமணி மண்கையோடு அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த பூவரசு சாய்ந்தது. இரண்டு பேரும் எழுந்து அந்த மண்ணுக்குப் போனார்கள்.