அண்ணனின் ஏழு வரிகள்

டெல்னாவின் அண்ணன் ஜிஜோ கடலில் வள்ளம் கவிழ்ந்து இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வள்ளத்தில் ஆபத்துக்கு அமுக்க ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. அமுக்கினால் கொச்சியிலுள்ள ஒரு கம்பெனியின் சர்வருக்குச் செய்தி போய் அலாரம் அடிக்கும். அன்றைக்கு யாரும் அமுக்கவில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. அந்தக் கம்பெனிக்குத்தான் டெல்னா காஞ்சிரங்குளத்து வீட்டிலிருந்து சர்வர்களைக் கவனிக்கும் வேலை பார்த்தாள்.

வள்ளங்களின் செய்திகள் பதிவாகியிருந்த பழைய சர்வரை அன்று மூன்று மணிக்கு அழிக்கப்போவதாக மெயில் வந்தது. இரண்டே காலுக்கு அவள் தன் லேப்டாப்பிலிருந்து அதற்குள் நுழைந்தாள். ஜிஜோவின் வள்ளத்து எண்ணைத் தேடி, கிடைப்பதை ஒரு ஃபைலில் சேமிக்கும்படி கட்டளை கொடுத்தாள். முடிந்ததும் பார்த்தால் லேப்டாப்பில் ஃபைல் இல்லை. பதற்றத்தில் முழுக் கட்டளையையும் மேற்கோள் குறிக்குள் அடைத்திருந்தாள். குறிக்குள் இருப்பதெல்லாம் சர்வரிலேயே நடக்கும் என்பதால் ஃபைல் அங்கேயே, அழியப்போகிற மெஷினில் உருவாகியிருந்தது. சேமிக்கும் பகுதியை மட்டும் குறிக்கு வெளியே தள்ளி மறுபடி அடித்தாள். தேடல் அங்கே நடந்தது, வரிகள் இங்கே வந்து விழுந்தன.

ஏழு வரிகள். பட்டனை அமுக்கிய ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. முதலாவது பகல் 11.42. கடைசி 12.31. ஒவ்வொன்றின் முடிவிலும் அலாரம் நிறுத்தப்பட்டிருந்தது என்ற குறிப்பு. நிறுத்தியவர் பெயர் டெல்னா.

வள்ளம் கவிழ்ந்த அன்று காலை மேனேஜர் அரவிந்த் போனில் சொன்னது ஞாபகம் வந்தது. "வள்ளங்கள்ல வச்ச புதுப் பெட்டியெல்லாம் சும்மா கத்துது. சாயங்காலம் வரை எல்லா அலாரத்தையும் நிறுத்தி வை." எழுத்தில் எதுவும் தரவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஃபைலை அழிக்க ஒரு வரி போதும். அதை அடித்தும் விட்டாள். என்டர் தட்டாமல் கொஞ்சநேரம் இருந்தாள். பிறகு எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு, ஃபைலைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.

"அப்பா, அண்ணன் பட்டன அமுக்கியிருக்கான்."

ரபேல் நிமிர்ந்தார். "எத்தன தடவ மக்கா?"

"ஏழு."

"ஆரும் பாக்கலியா?"

"அலாரத்த நிறுத்தி வச்சிருந்தது. நிறுத்தினது நானாக்கும்."

அவர் எழுந்து கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார். "நட. ஸ்டேஷனுக்கு நானும் வாறேன்."

வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் பெயர் டெல்னாவுடையது. அலாரத்தை நிறுத்தும்படி தான் சொல்லவே இல்லை என்று அரவிந்த் எழுதிக் கொடுத்துவிட்டார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரபேல் மகளுடன் நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்குப் போனார். ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார்.

"முதல்ல அமுக்கினப்பளே அலாரம் கேட்டிருந்தா, பிழைச்சிருப்பானா?"

"பிழைச்சிருப்பான் அப்பா."

அவர் தலையாட்டிவிட்டு, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார்.