பதினான்கு நாள்

தேய்க்கத் தேய்க்க மஞ்சள் போகவில்லை.

“விடுங்கண்ணி. உள்ள இருக்கற மஞ்சள், மேல தேய்ச்சாப் போவுமா?” என்றாள் செல்லம்மாள், செத்துப்போன முனிராஜின் தங்கை. பானுமதி விடவில்லை. புருஷனின் மார்பில் மறுபடி சோப்பு போட்டாள்.

முனிராஜ் பாலக்கோடு தக்காளி மண்டியில் தரகன். எவன் பேச்சையும் நம்பாதவன். பொண்டாட்டி கையெழுத்தை மட்டும் நம்பினான். சர்க்கரைக்கு அவன் குடித்த மூலிகைப் பொடியை, கம்பெனி லேபில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவள் அவள்தான். டப்பாவின் அடியில், ‘முற்றிலும் பாதுகாப்பானது’ என்பதற்குக் கீழே, ‘சோதித்தவர்: மு. பானுமதி’ என்று பொடி எழுத்தில் இருக்கும். மண்டியில் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டுவான். “பாரு மாப்ள, எம் வூட்டம்மா!”

லிவர் போய்விட்டது என்று சொன்ன ஆஸ்பத்திரி டாக்டர், “நாட்டு மருந்து ஏதாவது குடிச்சாராம்மா?” என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் பானுமதி, “இல்லைங்க” என்றாள்.

பத்து மணிக்குப் பொடிக் கம்பெனி முதலாளி டாக்டர் அருள்குமார் வந்தார். அவருக்கு முன்னால் மலர்வளையம் வந்தது. வாசலில் நுழையாததால் அதை ஒருக்களித்து உள்ளே கொண்டுவந்தார்கள். ரிப்பனில் முனிராஜ் பெயரைவிடப் பொடியின் பெயர் பெரிதாக இருந்தது. கீழே போன் நம்பரும் இருந்தது, துக்கத்துக்கு வந்தவர்களில் யாருக்காவது சர்க்கரை இருக்காதா என்ன. பிணத்தின் கால்மாட்டில் நின்று கைகட்டி, “இயற்கை கொடுத்தது, இயற்கை எடுத்துக்கிச்சு” என்றார். எதைக் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. அவருக்கு நாற்காலி போட்டார்கள்.

செல்லம்மாள் பானுமதியின் காதருகே குனிந்தாள். “அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. அலமாரில பிரிக்காத டப்பா ஒண்ணு கெடக்குதே. எங்க வூட்டுக்காரருக்கும் சக்கரை. எடுத்துக்கட்டுமா?”

“வேணாம்.”

“ஏண்ணி? நீங்களே டெஸ்ட் பண்ணதுன்னு அண்ணன் சொல்லுமே?”

டாக்டர் காதில் விழுந்துவிட்டது. “தாராளமா எடுத்துக்கம்மா. பயமே வேணாம். பானுமதி போட்ட கையெழுத்து.”

பானுமதி எழுந்தாள். எட்டு வருஷ வேலையில் அவர் முன்னால் குரலை உயர்த்தியதில்லை. இப்போதும் உயரவில்லை.

“எலிக்கு ஒரே ஒரு வேள குடுத்தோங்க சார். அரை மணி நேரம் பாத்தோம். அப்புறம் நாலு மணி நேரம். அப்புறம் பதினாலு நாள். ஒண்ணும் சாவல. எழுதிட்டோம். இவரு பதினாலு மாசம் குடிச்சாருங்க.”

வாசலில் பறை அப்போதுதான் நின்றிருந்தது.

“துக்கத்துல பேசறாங்க, பாவம்” என்றார் டாக்டர், பொதுவாகக் கூரையைப் பார்த்து. சேலத்தில் கருத்தரங்கம் இருப்பது உடனே நினைவுக்கு வந்துவிட்டது. மரபும் பாதுகாப்பும் என்பது தலைப்பு. கார் கிளம்பியபோது மலர்வளையம் மட்டும் நின்றது.

செல்லம்மாள் நகரவில்லை. மடியிலிருந்த டப்பாவை எடுத்துக் கீழே வைத்தாள். கேட்பதற்கு முன்பே எடுத்திருக்கிறாள்.

“அண்ணி...” டப்பாவைப் பானுமதி பக்கம் தள்ளினாள். “அவரு ரெண்டு மாசமா இதத்தான் குடிக்கறாரு. அண்ணன்தான் குடுத்துச்சு.”

மதியம் சுடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பினார்கள். கழுவிவிட்ட வாசல் இன்னும் காயவில்லை. செல்லம்மாளின் புருஷன் பச்சியப்பன் ஈரத் தலையோடு ஓரமாக நின்றான்.

“அண்ணா, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க” என்றாள் பானுமதி.

சடங்கில் ஏதோ பாக்கி போல என்று வந்து வெயிலில் நின்றான்.

“மேல பாருங்க.”

கட்டைவிரலால் அவன் கண்ணின் கீழ் இமையை இழுத்தாள். சிதைப் புகையில் சிவந்திருந்தது. சிவப்புக்கு அடியில் வெள்ளைதான். வெள்ளை மாதிரிதான் இருந்தது.

“என்னம்மா?” என்றான்.

“அசையாதீங்க” என்று மற்ற கண்ணை இழுத்தாள்.