பிசிறு

புதன்கிழமை பதினொன்று பத்துக்குக் கரண்ட் போனது. பெல்ட் கிரைண்டர் சுற்றிச் சுற்றி அடங்கி நின்றது. ராஜமாணிக்கம் தேய்த்துக்கொண்டிருந்த கத்தித் தகட்டை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து வைத்துவிட்டு, மூக்கில் கட்டியிருந்த துணியைக் கழுத்துக்கு இறக்கினார். காதில் இரைச்சல் மிச்சமிருந்தது. அது தணியத் தணிய அடி அண்ணாமலைத் தெருவின் சத்தங்கள் ஒவ்வொன்றாக வந்தன. பக்கத்து வீட்டுக் குக்கர். கிரிவலப் பாதையில் பந்தலுக்குக் குழி தோண்டும் கடப்பாரை. அப்புறம் ஒரு டிவிஎஸ் எக்ஸெல். வேகத்தடைக்கு வெகு முன்பே ஆக்சிலேட்டரை விட்டுவிடும் எக்ஸெல். அவர் எழுந்து நின்றார். மாசிக் கடைசியில் வந்து போனாள். இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை.

உண்ணாமலை வண்டியை வேப்ப மர நிழலில் நிறுத்தினாள். ஒயர் கூடையோடு ஷெட்டுக்குள் வந்து, எப்போதும் உட்காரும் மர ஸ்டூலைத் தூசி தட்டி உட்கார்ந்தாள். கூடையிலிருந்து தினத்தாளில் சுற்றிய கத்தியை எடுத்து மேசையில் வைத்தாள். இடது கை ஆள்காட்டி விரலில் கட்டுப் போட்டிருந்தது. கட்டின் நுனியில் மஞ்சள் கறை.

"இன்னா ஆச்சு?"

"தக்காளி வழுக்கிடுச்சு."

"தக்காளி எங்க வழுக்கும். கத்திதான் வழுக்கும்."

"தெரியுதில்ல."

"எத்தினி தையல்?"

"மூணு." விரலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். "முன்னெல்லாம் எட்டு மாசம், ஒம்பது மாசம் தாங்கும். இந்த தடவ இருபது நாள்கூட நிக்கல. வெள்ளிக்கெழம சித்ரா பௌர்ணமி. அறுநூறு சாப்பாட்டுப் பொட்டலம் போடணும். வெங்காயம் மட்டுமே நாப்பது கிலோ."

"இருபது நாள்லயே எடுத்தாந்திருக்கலாமே."

"தானா சரியாவும்னு பாத்தேன்."

"கத்தி எப்டி தானா சரியாவும்?"

"எதுதான் தானா சரியாவுது" என்றாள்.

அவர் காகிதத்தைப் பிரித்தார். கத்தி கழுவித் துடைத்து எண்ணெய் தடவியிருந்தது. அதை அப்படித்தான் கொண்டுவருவாள். அதைக் கூராக்க இந்த ஊரில் அவரை விட்டால் ஆள் இல்லை. செங்கம் ரோட்டில் செவ்வாய்க்கிழமை சைக்கிளில் சாணை பிடிக்க வருகிறவரிடம் அவள் ஒருமுறை கொடுத்துப் பார்த்தாள். கால் மணி நேரம் மிதித்தார். பொறி சரியாக வரவில்லை. 'இன்னா இரும்பும்மா இது, என் கல்லத் தின்னுது' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வைரத்தூள் ஒட்டிய தகட்டில்தான் அது தேயும். அப்படிப்பட்ட தகடுகள் நான்கு ராஜமாணிக்கத்திடம் இருந்தன. அதனால் உண்ணாமலை வருஷத்துக்கு ஒருமுறை, சில வருஷம் இரண்டு முறை, இந்த ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். வேறு எதற்காகவும் வருவதில்லை.

அது அவர் செய்த முதல் கத்தி. இரண்டாயிரத்துப் பதினொன்று. அப்போது ராணிப்பேட்டை சிப்காட்டில் பிரஸ் டூல் பகுதியில் வேலை. தகடு வெட்டும் மெஷினிலிருந்து கழித்துப்போட்ட பிளேடு ஒன்று ஸ்கிராப் மூலையில் கிடந்தது. போர்மேனிடம் கேட்டு முழ நீளத் துண்டு ஒன்று வாங்கிவந்தார். உருக்கி வார்த்த இரும்பல்ல. தூளாக்கி, சூட்டில் அழுத்திச் சேர்த்த பவுடர் ஸ்டீல். உள்ளே கடினம் கூட்டும் வெனடியம் நூற்றுக்குப் பத்து பங்கு. அரம் வைத்தால் கண்ணாடி மேல் வைத்ததுபோல் வழுக்கியது. லைன் வீட்டின் பின்கட்டில் சின்ன கிரைண்டரை வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தேய்த்தார். கிரைண்டர் போட்டால் வரிசை வீடுகள் அத்தனையிலும் பல்பு மங்கும். ஆளுக்கு ஒரு வார்த்தை கேட்கும். உண்ணாமலை பக்கத்தில் நின்று, சூடேறாமலிருக்க, மக்கிலிருந்து தண்ணீர் ஊற்றுவாள். 'சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னா, இரும்புக்குக் குளிப்பாட்ட வச்சிருக்கீங்க' என்பாள். புடவை முழங்கால் வரை நனைந்திருக்கும். தெருவில் தோல் பதனிடும் ஷாப்பின் வாடை. ரேடியோவில் ஏதாவது ஒரு பாட்டு. அவள் ஊற்றுகிற தண்ணீர் அவர் மணிக்கட்டில் விழுந்து முழங்கை வழியாக இறங்கும். அப்படிப் பதினோரு ஞாயிறு. அந்த ஸ்டீல் அந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது, கை சுட்டால் வாளியில் ஒருமுறை முக்கினால் போதும் என்பது அவருக்கு நாலாவது ஞாயிறே தெரிந்துவிட்டது. அவர் சொல்லவில்லை.

கைப்பிடிக்குக் கோதுமை மாவு உருண்டையை அவள் கையில் கொடுத்து, வெங்காயம் நறுக்குவதுபோல் பிடிக்கச் சொன்னார். விரல் பதிந்த மாவைக் காயவைத்து, அதைப் பார்த்துப் புளியங்கட்டையைச் செதுக்கினார். வேறு யார் பிடித்தாலும் அந்தக் கத்தி கொஞ்சம் திரும்பும். கொடுத்த மறுநாளே அவள் அதன் முனையால் தேங்காய்ப் பத்தையை நெம்பினாள். அரிசி அளவு முனை ஒடிந்து போனது. எல்லார் வீட்டிலும் கத்தியால்தானே தேங்காயை நெம்புகிறார்கள். இவ்வளவு கடினமான இரும்பு வெட்டும், ஆனால் வளையாது. வளைத்தால் ஒடியும். அவர் ஒரு நாள் முழுக்கப் பேசாமலிருந்தார். அவள் அதற்கு மூக்கறுந்தவள் என்று பெயர் வைத்தாள். மாலையில் 'மூக்கறுந்தவளுக்கும் சேர்த்து ரெண்டு தோசை வைக்கட்டுமா' என்று கேட்டபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புது முனை எடுக்க மறுபடி மூன்று ஞாயிறு. மறுபடி மக்கு, தண்ணீர்.

பிரிந்துவிட்டோம் என்று இரண்டு பேரும் இதுவரை சொன்னதில்லை. வேலையை விட்டுச் சொந்த ஊருக்கு வந்து இந்த ஷெட்டைப் போட்டார். பெங்களூர், கோவா, அப்புறம் டென்மார்க் வரைக்கும் சமையல்காரர்கள் கத்தி கேட்டார்கள். உண்ணாமலை ஆசிரமத்துப் பக்கம் மெஸ் ஆரம்பித்தாள். விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு பற்றவைக்க வேண்டும். ஒரு ஐப்பசி மழையில், ஒரு வாரம் மெஸ் மாடியிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றாள். அவர் அந்த வாரம் ஒரு ஆர்டரில் இருந்தார். வீட்டில் ஆள் இல்லை என்பது எட்டாவது நாள்தான் உறைத்தது. போன் செய்தார். 'எட்டு நாளாச்சு' என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் நாலு வருஷம். மகள் தென்றல் கோவை ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தால் அங்கே நாலு நாள், இங்கே நாலு நாள்.

மாசியில் அவள் வந்தபோது பாட்டில் தண்ணீர் குடித்தபடி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். தென்றலின் பரீட்சை. மெஸ்ஸுக்கு வரும் ஒரு இத்தாலிக்காரர் ரசத்தை டம்ளரில் கேட்பது. அவர் கத்தியைத் தகட்டில் இழுத்துக்கொண்டே கேட்டார். கூராக்கும்போது இரும்பு விளிம்பில் மயிரிழை அளவுக்கு மறுபக்கம் மடியும். அது பிசிறு. கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்குத் தெரியும். தோல் பட்டையில் இழுத்து அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டாலும் கத்தி காகிதத்தை வெட்டும், கையில் முடியை மழிக்கும். கொஞ்ச நாளில் பிசிறு உதிர்ந்து மொட்டையாகும். அன்றைக்கு அவர் விரலில் பிசிறு தட்டியது. தோல் பட்டை ஆணியில் தொங்கியது. கை அங்கே போகவில்லை. கத்தியைத் துடைத்து, காகிதம் சுற்றிக் கொடுத்தார். மறந்துவிட்டதாக அன்று இரவே தனக்குச் சொல்லிக்கொண்டார்.

வெளியே பைக் சத்தம் கேட்டது. இருசப்பன் பின் சீட்டில் கட்டியிருந்த திரவ நைட்ரஜன் கேனை அவிழ்த்துத் தூக்கிவந்தான். மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன். ஊசி மருந்தைக் கெடாமல் வைத்திருக்கிற கேனில் அவன் மிச்சம் பிடிக்கும் குளிர்தான் ராஜமாணிக்கத்தின் கத்திகளுக்கு. உலையில் காய்ச்சி எடுத்த கத்தியை அதில் போட்டு வைத்தால் இன்னும் ஒரு படி இறுகும். அவன் உண்ணாமலையைப் பார்த்ததும் நின்றான்.

"அண்ணி! எப்ப வந்தீங்க? மெஸ்ல இன்னிக்கு இன்னா?"

"சாம்பார்."

"எப்ப கேட்டாலும் சாம்பார்தானா?"

"நீ எப்ப வந்தாலும் மாட்டு வாடைதானே."

"அது லட்சுமி வாடை அண்ணி." காலையில் உலையிலிருந்து எடுத்து ஆறவைத்திருந்த இரண்டு கத்திகளைத் தெர்மாக்கோல் பெட்டியில் போட்டு, மேலே நைட்ரஜனை ஊற்றினான். வெள்ளைப் புகை பெட்டி விளிம்பைத் தாண்டித் தரையில் வழிந்து வந்தது. உண்ணாமலை கால்களை ஸ்டூல் கம்பியில் தூக்கி வைத்துக்கொண்டாள். "இதுல எத்தினி கன்னுக்குட்டி போச்சோ" என்றான் இருசப்பன். மேசைமேல் இருந்த கத்தியை எட்டிப் பார்த்தான். "அதே கத்தியா? போன தடவ நான் வந்தப்பவும் இதத்தானே தீட்டினு இருந்த?"

ராஜமாணிக்கம் கத்தியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"உனக்குத் தொழில் தெரியலண்ணே. ஒரு தடவ தீட்டுனா வருசம் நிக்குதுன்னா எவன் திரும்ப வருவான்? எங்கிட்ட பாரு. ஊசி போட்டுச் சினை நிக்கலன்னா இருபத்தோராம் நாள் ஆளு போன் பண்ணுவான், இருசப்பா வாடான்னு."

"அதான் ஊர்ல உன்ன அந்தத் திட்டு திட்டுறாங்க" என்றாள் உண்ணாமலை.

"திட்டுறாங்க. ஆனா கூப்புடுறாங்கல்ல." கேனை மூடித் தோளில் வைத்துக்கொண்டான். "வரேன் அண்ணி. பௌர்ணமிக்கு எனக்கொரு பொட்டலம் எடுத்து வை."

பைக் போன பிறகு ஷெட்டில் சத்தம் இல்லை. புகை மெலிந்து, தரையில் ஓரமாகச் சுருண்டு காணாமல் போனது. ராஜமாணிக்கம் இருப்பதில் கரடான வைரத் தகட்டைத் தண்ணீரில் நனைத்து மேசையில் வைத்தார். கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். வெட்டும் விளிம்பு நெடுக வெள்ளைக் கோடு மின்னியது. கூர் இருந்தால் அங்கே எதுவும் தெரியாது.

இழுக்கத் தொடங்கினார். கைப்பிடியின் பள்ளங்களில் அவர் விரல்கள் உட்காரவில்லை. அவை அவள் விரல்களின் பள்ளங்கள். ஒரு பக்கம் நாற்பது இழுப்பு, மறுபக்கம் நாற்பது. தகட்டில் சாம்பல் நிறச் சேறு வந்தது. அவள் எழுந்து வந்து, பாட்டிலைத் திறந்து தகட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினாள். கேட்கவில்லை, ஊற்றினாள். தண்ணீர் அவர் மணிக்கட்டில் பட்டு இறங்கியது. கட்டுப் போட்ட விரலை மடக்காமல் நீட்டியே வைத்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்க நினைத்தார். எந்த முகத்தோடு கேட்பது என்று இருந்தது.

இரண்டாவது தகடு, மூன்றாவது, நான்காவது. ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசி இழுப்புக்குப் பிறகு கட்டை விரலை விளிம்புக்குக் குறுக்கே வைத்துத் தடவினார். பிசிறு இருந்தது. வழக்கம்போல இருந்தது. இப்போது துடைத்துக் கொடுத்தாலும் வெள்ளிக்கிழமை தாண்டும். இருபது நாள். ஆனியில் வருவாள். மறுபடி ஆடியில். ஆணியில் தோல் பட்டை தொங்கியது. ராணிப்பேட்டைத் தோல். அவர் கண் அவள் விரலுக்குப் போனது. மூன்று தையல்.

பட்டையை எடுத்து மேசை முனையில் மாட்டி இழுத்துப் பிடித்தார். முன்னும் பின்னுமாக, அழுத்தமில்லாமல், கத்தியைப் படுக்கவைத்து இழுத்தார். முப்பது. விரலில் பார்த்தார். இன்னும் ஒரு நூல் இருந்தது. மறுபடி தகட்டில் இரண்டு இழுப்பு, மறுபடி தோலில். அப்படி ஐந்து முறை. இந்தக் கத்திக்கு இதுவரை இவ்வளவு பார்த்ததில்லை. வருஷம் நிற்கும். அதற்கு மேலும் நிற்கலாம். துடைத்து, கைப்பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினார்.

அவள் வாங்கி, விளிம்பைத் தன் கட்டை விரல் நகத்தின் மேல் வைத்து மெல்ல இழுத்தாள். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். அவர் செய்வதைப் பதினைந்து வருஷமாகப் பார்த்தவள்.

"போன தடவ தோல்ல இழுக்கல."

"மறந்துட்டேன்."

"உங்களுக்கா" என்றாள்.

கேள்வியாகக் கேட்கவில்லை. கத்தியைக் காகிதத்தில் சுற்றி, நூல் கட்டி, கூடையில் வைத்தாள். கூடையின் அடியிலிருந்து வாழை இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசையில், ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைத்தாள். எலுமிச்சை சாதத்தின் வாசனை வந்தது.

"உண்ணாமல."

"ம்."

"அது... வேணும்னு செய்யல." சொன்ன பிறகு அவருக்கே அது நன்றாக இல்லை. "வேணும்னுதான் செஞ்சேன்."

அவள் கூடையின் பிடியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். "தெரியும்" என்றாள். "மெஸ்ஸுக்குப் போனதும் நகத்துல வச்சுப் பாத்தேன். தட்டுச்சு."

"அப்புறம் ஏன் திரும்ப எடுத்தாரல?"

"எடுத்தாந்தா அன்னிக்கே சரிபண்ணிக் குடுத்திருப்பீங்க."

இருவரும் மேசையைப் பார்த்தார்கள். வெளியே கடப்பாரைச் சத்தம் நின்றிருந்தது. பந்தல்காரர்கள் சாப்பிடப் போயிருக்க வேண்டும். மதிய வெயிலில் மலை நிறமில்லாமல் நின்றது.

அவர் வண்டி வரைக்கும் கூடவே போனார். அவள் கூடையை முன்னால் வைத்துக் கயிற்றால் கட்டினாள். சீட்டின் சூடு போக முந்தானையால் தட்டினாள்.

"இனிமே ஒரு வருசத்துக்குக் கவலயில்ல" என்றார். "அடுத்த சித்திர வரைக்கும் நிக்கும். நல்லா எடுத்திருக்கேன்."

"பாத்தேன்."

ஏறி உட்கார்ந்தாள். ஸ்டார்ட் செய்யவில்லை. இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தன, கட்டுப் போட்ட விரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. வேப்பம்பூ ஒன்று அவள் தோளில் விழுந்தது. அவர் அதை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவள் பாதையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சீக்கிரம் மழுங்குற இரும்புல எனக்கு ஒன்னு பண்ணித் தருவீங்களா?"