இலீ என்றால் எந்தப் பக்கம்

எஃப்ராயிம் அந்தப் பெட்டை நாயைச் சனிக்கிழமை சுடப்போவதாகச் சொன்னான். சுடுவதற்குப் பதில் எனக்குக் கொடு என்று கேட்டேன்.

"எதுக்குடா? உன் ஏழு நாயும் ஏழு திசையில ஓடுது. இது எட்டாவது திசையில ஓடணுமா?"

"எப்படியும் சாகப் போறதுதானே மச்சான்."

"சனிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அப்பவும் திருந்தலன்னா இழுத்துட்டுப் போ. தோட்டா மிச்சம்."

எஃப்ராயிம் என் அக்கா அமாலியாவின் கணவன். ஊரிலேயே அதிகமாக மீன் பிடிக்கிறவன். பனிவண்டி இழுக்க எனக்கு ஏழு நாய்கள் உண்டு, முன்னால் ஓடி வழிநடத்தும் தலைநாய் இல்லை. தலைநாய் இல்லாதவன் உறைந்த கடலில் தூரம் போக முடியாது, தூண்டில் கயிறு போட முடியாது. அப்படிப்பட்டவன் ஆலையில் விடிய விடிய நின்று மற்றவர்கள் பிடித்த ஹாலிபட் மீனின் தலையை வெட்டுவான். தெற்கே தலைநகர் நூக்கில் படிப்பைப் பாதியில் விட்டு வந்ததிலிருந்து நான்கு குளிர்காலமாக நான் அதைத்தான் செய்கிறேன்.

நாயின் பெயர் புயிசி, எங்கள் மொழியில் சீல் விலங்கு. சீல் போல வழவழப்பான தலை. போன மாதம் குல்லிசாத்திலிருந்து வாங்கி வந்தான். வடக்கே இரண்டு நாள் பயணத்தில் இருக்கும் ஊர் அது. நாயில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அகன்ற நெஞ்சு, இறுகிய பாதம். விரல்களுக்கு நடுவே பனிக்கட்டி சேர்ந்தாலும் நொண்டாது. மைனஸ் முப்பது பாகைக் குளிரில் வாலை மூக்கின் மேல் போட்டுப் படுத்துவிடும். காலையில் பார்த்தால் முதுகில் விழுந்த பனி விழுந்தபடியே இருக்கும். உடம்புச் சூடு ஒரு துளி வெளியே வந்திருக்காது.

ஆனால் வலது பக்கம் போகச் சொன்னால் இடது பக்கம் போனது. எஃப்ராயிம் "இலீ, இலீ" என்று கத்துவான். அது மற்றப் பதினோரு நாய்களையும் இழுத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பும். சாட்டையால் அடிப்பான். அடி வாங்கிய பிறகு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தது. அதனால் அதன் பிழையில் ஓர் ஒழுங்கு இருப்பது யாருக்கும் தெரியவில்லை. கடைவாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வேலையில் பவ்லீனெ என் பக்கத்தில் நின்றாள். குல்லிசாத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். டென்மார்க்கிலிருந்து புதிதாக வந்த மெக்கானிக், தன் வீட்டு நாயைக் கொண்டுவரலாமா என்று அன்றுதான் கேட்டிருந்தான். இந்தப் பக்கம் எங்கள் வண்டிநாய் இனத்தைத் தவிர வேறு நாய் நுழையக் கூடாது. எங்கள் நாயும் ஒரு தடவை எல்லை தாண்டித் தெற்கே போனால் திரும்பி வர முடியாது.

"உனக்கு நல்ல காலம் தம்பி," என்றாள் பவ்லீனெ. "நாயா இருந்திருந்தா நூக்குலேருந்து உன்னத் திரும்ப விட்டிருக்க மாட்டாங்க."

"விடாம இருந்திருக்கலாம் அக்கா. உங்க பேச்சு மிச்சம்."

"உன் மச்சான் எங்க ஊரு நாயை அந்த அடி அடிக்கிறானே, கேட்கக் கூடாதா?"

"இலீன்னா இடது பக்கம் போகுது. வேற என்ன பண்ணுவான்?"

"போகாம? இலீன்னா இடதுதான். வலதுக்கு யூ. நீங்கதான் இங்க எல்லாத்தையும் தலைகீழா சொல்றீங்க. வந்த புதுசுல நானே சிரிச்சிருக்கேன்."

என் கத்தி நின்றது. பிறகு அடுத்த மீனை இழுத்து வெட்டினேன். எஃப்ராயிமிடம் சொன்னால் நாய் அவனுக்கு. சொல்லாவிட்டால் சனிக்கிழமை எனக்கு. பவ்லீனெயும் அவனும் ஒரு கல்யாண வீட்டுச் சண்டைக்குப் பிறகு பேசிக்கொள்வதில்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் அவன் அதை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குத் தூங்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலை முடிந்து அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். சீல் சூப்பை ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "பழைய தலைநாய் நாப்புவுக்குக் கால் கிழிஞ்சு போச்சு. அந்தப் பைத்தியத்தையே முன்னால கட்டிட்டுப் போயிருக்கார்."

"எங்க?"

"முனைக்கு அந்தாண்ட. நாளைக்குப் பௌர்ணமி. கடல் ஏறிப் பனி உடைஞ்சா கயிறு போயிடும்னார். நேர் வழிதானே, ஒரே ஒரு திருப்பம்னார்."

அந்த ஒரு திருப்பம் எனக்குத் தெரியும். முனையில் நீரோட்டம் பனியை அடியிலிருந்து தின்றுகொண்டே இருக்கும். அங்கே வலது பக்கம் கரையை ஒட்டித் திரும்ப வேண்டும். இடது பக்கம் பனி மெலிந்து கறுத்திருக்கும்.

நாய் முழுகிவிடுமே என்றுதான் முதலில் தோன்றியது. அக்காவின் முகத்தைப் பார்த்தது அதற்குப் பிறகு. இதை மாற்றிச் சொல்ல விரும்பவில்லை.

ஏழு நாய்களையும் பூட்டினேன். தலைநாய் இல்லாவிட்டாலும் முன்னால் போன வண்டியின் தடம் கிடைத்தால் என் நாய்கள் அதை விடாது. வழியில் சாட்டையை வீசவில்லை, கத்தவும் இல்லை. சூரியன் மலைக்கு மேல் அரை மணி நேரம் தலைகாட்டும் நாட்கள் அவை. வெளிச்சம் வந்தபோது முனை தெரிந்தது, அவனும் தெரிந்தான். கூப்பிடு தூரம்தான்.

"இலீ, இலீ," என்று அவன் கத்துவது கேட்டது.

புயிசி இடப்பக்கம் திரும்பியது. நான்கு அடி போய் நின்றது. கறுத்த பனியை முகர்ந்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தது. நல்ல நாய் அப்படித்தான் ஒரு தடவை கேட்கும். அவன் சாட்டையை வீசி மறுபடியும் "இலீ" என்றான். கரைப்பக்கம் விரட்டுவதாக நினைத்துக்கொண்டு தண்ணீருக்குள் விரட்டினான். அது காதை மடித்துக்கொண்டு போனது.

"யூ!" என்று கத்தினேன். "யூ, யூ, யூ!"

நாய் கறுப்பின் விளிம்பில் உடம்பை வளைத்து வலது பக்கம் பாய்ந்தது. மற்ற நாய்கள் அதன் பின்னால் விழுந்தடித்துப் போயின. வண்டியின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. அடியிலிருந்த ஒரு சறுக்குச் சட்டம் பனியை உடைத்து நீர் மேலே வந்தது. அவ்வளவுதான். வண்டி கரையோரம் போய் நின்றது.

நான் போய்ச் சேர்ந்தபோது எஃப்ராயிம் வண்டியில் உட்கார்ந்து நனைந்த காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எங்க கத்துக்கிட்ட?"

"பவ்லீனெ சொன்னா. அவங்க ஊர்ல மாத்திச் சொல்வாங்களாம்."

"எப்ப சொன்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். "செவ்வாக்கிழமை."

அவன் காலணியை மாட்டினான். நாடாவைக் கட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டான். பிறகு, "வந்துட்டல்ல, வந்து கயிற இழு," என்றான்.

இருவருமாக இழுத்தோம். ஐம்பத்தாறு மீன். திரும்பும்போது அவன் மூன்று தடவை தப்பாகச் சொன்னான், மூன்று தடவையும் நாய் சொன்னபடியே போனது. வீட்டு வாசலில் நாய்களைச் சங்கிலியில் கட்டும்போது புயிசிக்கு மட்டும் ஒரு முழு மீனைப் போட்டான்.

"இது குட்டி போட்டா," என்றான் என்னைப் பார்க்காமல், "உனக்கு ஒண்ணுகூட கிடையாது."

"சரி மச்சான்."

"உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம்."

இன்றுவரை தெரியாது. எஃப்ராயிம் வலதுக்கு யூ என்று கத்துவதைக் கேட்டு இப்போதும் கடைவாசலில் சிரிக்கிறார்கள். அவன் காரணம் சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில் சாப்பிடுகிறேன். உப்பு வேண்டுமென்றால் அவன் அக்காவிடம்தான் கேட்கிறான், உப்பு என் கைக்கு அருகில் இருந்தாலும்.

இன்றைக்கு மாலை ஆறு மணிக்கு வேலை. ஹாலிபட் நிறைய வந்திருக்கிறதாம்.